கலியாணத்துக்குப் போன கண்ணாடிச் சாடி

விமானத்தில் சாப்பாட்டுத் தட்டை வைக்க எனக்கு இடமில்லை. மடியில் சாடி இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தட்டையும் தன்னுடைய தட்டுக்கு மேல் வைத்துக்கொண்டார். என் கோழித்துண்டில் பாதியை அவரே சாப்பிட்டார். இடவாடகை என்று நினைத்துக்கொண்டேன்.

சாடி யோகனுடையது. யோகனும் நானும் பாரிஸில் லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரே அறையில் பல வருடங்கள் இருந்தவர்கள். கட்டில் ஒன்று. அவன் பகல் வேலை, நான் இரவு வேலை என்பதால் அது போதுமாயிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பயணப் பத்திரம் கிடைத்தது. அவனுடைய அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுபடியாகி மூன்றாவது தரம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் அவன் தங்கை சுதாவுக்குக் கலியாணம் முற்றாகியது. தை மாதம், நல்ல குளிர்.

யோகனுக்குத் தகப்பன் இல்லை, வேறு சகோதரமும் இல்லை. எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். யோகன் அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள் கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை இழுத்தான்.

"மணியண்ணை, வாசலில நிறைகுடம் வைப்பினம்தானே. அது என்ர குடமா இருக்கோணும். நான் நிக்கவேண்டிய வாசல்."

பெட்டிக்குள் இருந்தது ஒரு கண்ணாடிச் சாடி. சின்னப் பூசணிக்காயளவு. இளம் பச்சை. மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரிகிற மாதிரி அதன் மேல் நிறங்கள் ஓடின. தோளிலிருந்து கழுத்துவரை இரண்டு பக்கமும் இரண்டு கைபிடிகள், மடித்து மடித்து வளைத்தவை. சண்டைக்கு வந்த பெண் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிற்பதுபோல இருந்தது. யோகன் பராமரித்த வயதான பிரெஞ்சுக்காரி சாவதற்கு முன் அவனுக்குக் கொடுத்தது. கணவர் சிரியாவிலிருந்து கொண்டுவந்ததாம்.

"ரோமாக்காரர் ஒலிவ் எண்ணெய் வைச்ச சாடி. ரெண்டாயிரம் வருசம்," என்றான் யோகன். "கைபிடியில மட்டும் தூக்காதேங்கோ. ஒண்டு முந்திக் கழண்டு ஒட்டினது."

"எது?"

"அதுதான் மறந்துபோச்சு."

நான் எல்லைகள் கடந்தது குறைவில்லை. காட்டுக்குள்ளால், லொறிக்குள், ஒருமுறை ஐஸ் உடைந்துகொண்டிருந்த ஆற்றுக்கு மேலால். எல்லா இடத்திலும் என்னைச் சோதித்தார்கள். ஓர் இடத்திலும் என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. ரொறன்ரோவில் இறங்கியபோதுதான் முதல்முறையாகச் சோதிக்கிறவனுக்குக் காட்ட என்னிடம் ஒரு பொருள் இருந்தது. சுங்க அதிகாரி சாடிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"குடம்."

"பழையதா?"

"கொஞ்சம்."

"பாவித்ததா?"

"ஓம்."

பாவித்த வீட்டுச் சாமான் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

சுதாவும் தாயும் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாவது மாடியில். மூன்று லிஃப்டில் ஒன்று வேலை செய்தது. அதற்குள் ஒரு சோபாவும் நான்கு பிலிப்பீன்காரரும் ஏற்கனவே நின்றார்கள். எங்களுடைய ஆட்கள் இருவர் சோபாவில் உட்கார்ந்தபடி வந்தார்கள். "அண்ணை, உங்கட பெட்டியை மடியில தாங்கோ, இந்தச் சோபா எங்கட மாடியிலதான் இறங்கும்," என்றான் ஒருவன். நான் கொடுக்கவில்லை. பாரிஸில் ஆறு மாடி ஏறினால் கூரை வந்துவிடும். இங்கே அதற்குப் பிறகுதான் வீடுகள் தொடங்குகின்றன.

யோகனின் தாயை நான் அன்ரி என்று கூப்பிட்டேன். மெலிந்த, வேகமான மனுசி. வீட்டுக்குள்ளும் குல்லா போட்டிருந்தா. பெட்டியைத் திறந்து சாடியை எடுத்ததும் கைபிடிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே கையைச் சுற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டு சாமிப் படங்களுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தா. ரோமாக்காரருக்குத் தூக்குவதற்குக் கைபிடி வேண்டும். எங்களுடைய பெண்களுக்கு இடுப்புப் போதும். நான் மூச்சு விட்டேன்.

"மெலிஞ்சு போனானோ?" என்று கேட்டா.

"இல்லை அன்ரி. கொழுத்திட்டான்."

"நீ எனக்காகச் சொல்லுறாய்," என்றுவிட்டு இடியப்பமும் சொதியும் வைத்தா. யோகன் உண்மையாகவே கொழுத்துத்தான் இருந்தான். பிறகும் இரண்டு மூன்று தரம் சொல்லிப்பார்த்தேன். நம்பவைக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடமாகக் காணாத பிள்ளை மெலிந்துதான் இருப்பான்.

மறுநாள் மாவிலை தேடப் போனோம். பார்லிமென்ட் தெருவில் ஒரு கடையில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் மாவிலை இருந்தது, பொலித்தீன் பையில் ஐந்து இலை. "இப்பதான் பிளேனில வந்தது, புத்தம் புதுசு," என்றார் கடைக்காரர். இலையில் ஐஸ் பிடித்திருந்தது. குளிர் என் மூக்கின் நுனியில் தொடங்கிப் பல்லுக்குள் போனது. பாரிஸ் குளிர் ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ரொறன்ரோக் குளிர் சும்மா வந்து அடித்துவிட்டுப் போகும். அந்த ஊர்ப் பாண் ரொட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும், திரும்பி எழும்பாது.

சுதா ஒரு டோனட் கடையில் வேலை செய்தாள். அவளுடைய ஓய்வு நாளில், "மணியண்ணை, வாங்கோ, இப்படிச் சாடியள் மியூசியத்தில கிடக்கெண்டு என்னோட வேலை செய்யிறவள் சொன்னவள், பாத்திட்டு வருவம்," என்றாள். வீதியெங்கும் உப்புத் தூவியிருந்தார்கள். என் சப்பாத்து வெள்ளைக் கரையோடு கருவாடு மாதிரி ஆகியது. ஸ்ட்ரீட்கார் ஒன்று தண்டவாளத்துக்குக் குறுக்கே நின்ற காருக்காக மணியடித்துக்கொண்டே நின்றது. காருக்குள் ஒருவரும் இல்லை. பயணிகள் இறங்கித் தள்ளிப்பார்த்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார்கள்.

மியூசியத்தில் கண்ணாடிச் சாமான்களுக்கென்று தனி இடம் இருந்தது. நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தவன், அதுவும் எல்லா நாளும் போகவில்லை. ஆங்கிலத்தை சுதா வாசித்து வாசித்துச் சொன்னாள். ஒரு குழாயின் முனையில் உருகிய கண்ணாடியை எடுத்து ஊதுவார்களாம். உடம்பு முழுக்க ஊதி முடிந்த பிறகுதான் கைபிடி. தனியாக ஒரு கட்டி கண்ணாடியை நெருப்பிலிருந்து எடுத்துத் தோளில் ஒட்டி, ஆறுவதற்குள் இழுத்து, வளைத்து, மடித்து, கழுத்தில் அழுத்தி அறுத்துவிட வேண்டும். பிந்தினால் ஒட்டாது. முந்தினால் உடம்பு நெளிந்துவிடும். நான் பாரிஸில் ஒரு வெதுப்பகத்தில் மா இழுத்திருக்கிறேன். அறுத்த இடத்தில் ஒரு சின்ன வால் மிஞ்சும். இங்கேயும் பல கைபிடிகளில் அந்த வால் இருந்தது.

எத்தனை விதக் கைபிடி. வரிவரியாகச் சீப்புப் போட்ட அகலப் பட்டை ஒன்று. பெருவிரல் வைக்க மேலே ஒரு மேடை வைத்தது ஒன்று. குளிக்கப் போகும்போது மணிக்கட்டில் தொங்கவிடும் எண்ணெய்ப் போத்தலுக்கு மீன் மாதிரி வளைந்த இரண்டு காது. ஒரு குட்டிப் போத்தலில் கூடை பின்னியதுபோல நூல் நூலாக, அடுக்கடுக்காகக் கைபிடிக்கு மேல் கைபிடி. அதற்குள் என் சுண்டுவிரலும் போகாது. தூக்குவதற்குச் செய்த சாமானைப் பார்ப்பதற்குச் செய்து வைத்திருந்தார்கள். போத்தலைவிடக் கைபிடிக்கு அதிக நேரம் எடுத்திருக்கும். அந்தத் தொழிலாளியை நினைத்துச் சந்தோசப்பட்டேன். முதலாளி பார்க்காத நேரத்தில் செய்தானோ என்னவோ.

கடைசிப் பெட்டியில் எங்கள் சாடி நின்றது. அதே பூசணி உடம்பு, அதே இடுப்பில் கை. அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ துண்டு துண்டாகக் கிடந்தது. சுதா எழுத்தை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன போட்டிருக்கு?"

"எண்ணெயாம்," என்றாள்.

எண்ணெய் அப்படிக் கிடக்காது என்று எனக்குத் தெரியும். காவலுக்கு நின்ற நரைத்த பெண்மணியைக் கையால் கூப்பிட்டுத் துண்டுகளைக் காட்டினேன். கயானாக்காரி. ஆங்கிலத்தை ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி பேசினார்.

"அது ஓர் ஆள்," என்றார். "எரித்த பிறகு. ஆணா பெண்ணா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. சத்தம் போடாத ஆள். எனக்குப் பிரச்சினை இல்லை."

இந்தக் கண்ணாடியெல்லாம் உடையாமல் எப்படி மிஞ்சியது என்று கேட்டேன். பாதிக்கு மேல் கல்லறைகளிலிருந்து எடுத்தது என்றார். வீட்டில் பாவித்தவை அப்போதே உடைந்துவிட்டனவாம். அதுவும் சரிதான்.

வெளியே வந்து ஒரு கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சுதா மூடியைத் திறக்கவில்லை.

"என்ர கலியாணத்துக்குச் சாம்பல் சட்டி," என்றாள். "அண்ணாவுக்குத் தெரியுமோ?"

"எண்ணெய் எண்டுதான் சொன்னவன்."

"அம்மா அறிஞ்சா வாசலுக்குக் கிட்டவும் விடமாட்டா. செத்தவீட்டுச் சாமான் எண்டு குப்பையில போட்டிடுவா. மாப்பிள்ளை பக்கத்து ஆக்கள் அறிஞ்சா கலியாணமே…" அவள் முடிக்கவில்லை. "வைக்காட்டி அண்ணாவுக்கு என்ன சொல்லுறது? அவனால தர ஏலுமானது இது ஒண்டுதான்."

நான் கோப்பியைக் குடித்தேன். சீனி அதிகம்.

"மணியண்ணை, நீங்கள் ஒண்டும் காணேல்லை."

"நான் காணேல்லை."

"நானும் காணேல்லை," என்றுவிட்டு அவள் மூடியைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்தால் குளியலறையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அன்ரி தொட்டிக்குள் சாடியை நிறுத்தி, சுடுதண்ணீரில் மஞ்சள் கரைத்துச் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தா. பிறகு பால். பிறகு மறுபடி சுடுதண்ணீர். நானும் சுதாவும் கதவடியில் நின்றோம்.

"என்ன அன்ரி, உதுக்கு முழுக்கு?"

"பயணம் வந்த சாமான்தானே தம்பி. ஊத்தை," என்றா, திரும்பிப் பார்க்காமல்.

அன்று பின்னேரம் யோகன் எடுத்தான். தொலைபேசி அட்டையில் நேரம் குறைவு என்பதால் நலம் விசாரிக்கவில்லை.

"கைபிடி?"

"இருக்கு."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"வாசலில வைப்பினமோ?"

சுதா என்னைப் பார்த்தாள். "வைப்பினம்," என்றேன்.

கலியாணத்தன்று விடிய, இரவல் வாங்கிய கார் ஸ்டார்ட் வரவில்லை. கீழ் மாடிக்காரர் ஒருவர் வயரோடு வந்து தன் பற்றரியிலிருந்து உயிர் கொடுத்தார். சாடியை வைக்கப் பாதுகாப்பான இடம் காரில் ஒன்றுதான் இருந்தது. பின்சீற்றில் பூட்டியிருந்த குழந்தை இருக்கை. அன்ரி சாடிக்குக் கம்பளி சுற்றி, குல்லா போட்டு, பட்டி இழுத்துக் கட்டினா. நான் பக்கத்தில் இருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது அடுத்த காரிலிருந்த வெள்ளைக்காரப் பெண் எங்கள் பக்கம் பார்த்து விரல்களை ஆட்டிச் சிரித்தாள். மரியாதைக்கு நானும் ஆட்டினேன்.

மண்டபம் ஸ்காபரோவில். அதற்கு முதல்நாள் ஒரு இத்தாலியக் கலியாணம் நடந்ததாம், மூலையில் இன்னும் ரிபன் தொங்கியது. வாசலில் மேசை போட்டு, வாழையிலை விரித்து, அதில் அரிசி பரப்பி, நடுவில் சாடி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தண்ணீர் நிறைத்து ஐந்து மாவிலையும் வைத்து மேலே தேங்காயை வைத்தபோது அது அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது. தேங்காய் இல்லாமல் இத்தனை காலம் எப்படி இருந்தார்கள் என்று யோசிக்கவைத்தது. விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் ஊதாவும் பொன்னும் ஓடின. வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அன்ரி ஒவ்வொருவருக்கும், "மூத்தவன் பாரிஸால அனுப்பினது," என்றா. யோகனுக்கு மூத்தவன் என்ற பட்டம் எப்படி வந்ததென்று தெரியவில்லை. ஆண்பிள்ளையே அவன் ஒருவன்தான்.

மாப்பிள்ளையின் கார் வருவதற்குச் சற்று முன்பு மிசிசாகாவிலிருந்து சிவபாதம் அங்கிள் வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். கனடாவுக்கு எல்லோருக்கும் முந்தி வந்தவர், விமான நிலையத்தில் வேலை. தெரியாத விசயம் இல்லை என்று பெயர். சாடிக்கு முன்னால் நின்றார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

"உதை நான் கண்டிருக்கிறன்," என்றார் உரத்து. "டவுன்ரவுண் மியூசியத்தில. உது ரோமன் கிளாஸ்."

பின்னால் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். வீடியோக்காரப் பெடியன் லைற்றைத் திருப்பினான். நான் மேசைக்கும் அவருக்கும் இடையில் போகப் பார்த்தேன். வயிறு இடம் தரவில்லை, அவருடைய வயிறு.

"அங்கிள், மாப்பிள்ளை வந்திட்டார் போல," என்றேன்.

"பொறும் தம்பி. ஆருக்காவது தெரியுமோ, உதுக்குள்ள என்ன வைச்சவை எண்டு?" கூட்டத்துக்குக் காட்டுவதற்காகச் சாடியைத் திருப்பக் கைபிடியைப் பிடித்தார். இருபது வருடம் கோப்பிக் கோப்பை பிடித்த கை. "உதுக்குள்ள வைச்சது…"

டிக் என்று ஒரு சத்தம். சாடி அசையவில்லை. தேங்காய் அசையவில்லை. தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அங்கிளின் கையில் கைபிடி மட்டும் இருந்தது.

கலியாண வாசலில், மாப்பிள்ளை பக்கத்து மூத்த ஆள், நிறைகுடத்தை உடைத்தார். இதைவிடப் பெரிய சகுனப் பிழை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை போல. அவருடைய முகத்தில் கனடாவும் இல்லை, மியூசியமும் இல்லை.

"என்ன வைச்சவை அங்கிள்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எண்ணெய்," என்றார் அவர். கைபிடியைக் கோட்டுப் பைக்குள் விட்டார். மறு கையால், இந்தமுறை வயிற்றைப் பிடித்து, உடைந்த பக்கம் சுவரைப் பார்க்கச் சாடியைத் திருப்பி வைத்தார்.

"அங்கிள், ஒருக்காத் திருப்பிச் செய்யுங்கோ," என்றான் வீடியோக்காரன். "லைற் காணாமப் போச்சு."

வெளியே மேளம் தொடங்கியது. ஒன்றுவிட்ட தம்பி மாப்பிள்ளையின் காலில் தண்ணீர் ஊற்றினான். மாப்பிள்ளை குளிரில் ஒற்றைக்காலில் துள்ளியபடி அவனுக்கு மோதிரம் போட்டார். சாடி ஒரு கையை இடுப்பில் வைத்தபடி அந்த வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தது. தாலி கட்டினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. பாயாசத்தில் மட்டும் கஜு குறைவு.

கார் நிறுத்தும் இடத்தில் சிவபாதம் அங்கிள் என்னைத் தேடி வந்தார். கடதாசித் துவாயில் சுற்றிய கைபிடியை என் கைக்குள் வைத்தார்.

"தம்பி, உதை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்."

"எதை அங்கிள்? உடைஞ்சதையோ, உள்ளுக்கு வைச்சதையோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டையும்," என்றார்.

அடுத்தநாள் காலை சுதா மாப்பிள்ளை வீட்டில். அன்ரி சாடித் தண்ணீரைப் பல்கனியிலிருந்து ஊற்றினா. அது கீழே விழ முன்பே ஐஸ் ஆகியிருக்கும். நான் துவாயைப் பிரித்துக் கைபிடியை மேசையில் வைத்தேன். சொல்லவேண்டியதை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அன்ரி திரும்பிப் பார்த்துவிட்டு, "சுடுதண்ணி ஊத்தினது நான்தானே," என்றா. "பசை இளகியிருக்கும். பாவம் அந்த மனுசன்."

"பழஞ்சாமான் அன்ரி. எண்ணெய் வைச்சது."

"எண்ணெயோ?" அன்ரி சாடியை இடுப்பிலிருந்து இறக்கினா. "யோகன் முதலே போனில சொல்லிப்போட்டான். அம்மா, உது செத்த ஆளின்ர சாம்பல் வைச்ச சட்டியாம், வேண்டாமெண்டால் விடுவம் எண்டான். எத்தினை வருசம் எண்டு கேட்டன். ரெண்டாயிரம் எண்டான். செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தால் துடக்குத் தீட்டெல்லாம் கழிஞ்சுது. ரெண்டாயிரம் வருசத்துக்கு ஆர் துடக்குக் காக்கிறது?"

"அப்ப ஏன் அன்ரி மஞ்சள் தண்ணி?"

"அவையள் அந்தியேட்டி செய்தவையோ தெரியாதெல்லோ," என்றா அன்ரி. பிறகு குரலைத் தணித்து, "சுதாவுக்குச் சொல்லிப்போடாதை தம்பி. பயந்த பிள்ளை."

கைபிடியை என்னிடமே தந்துவிட்டா, அவனிடம் கொடு என்று. திரும்பும் வழியில் சுங்கத்தில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. விமானத்தில் கோழித்துண்டு முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

"ஏன்ரா எனக்கு எண்ணெய் எண்டு சொன்னனி?" என்று யோகனைக் கேட்டேன்.

"சொன்னா மடியில வைச்சுக்கொண்டு போவியளோ மணியண்ணை?"

கைபிடியை அவன் ரீவிக்கு மேல் வைத்தான்.

கலியாண வீடியோ இரண்டு மாதம் கழித்து வந்தது. கனடாக் கசற் பாரிஸ் ரீவியில் ஓடாது. லா சப்பலில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி எடுத்தோம். யோகன் தாலிகட்டை ஒருமுறை பார்த்தான். ஆனால் சிவபாதம் அங்கிள் கைபிடியைக் கழற்றும் இடத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் போட்டான். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். அங்கிளின் முகம் அப்படி. ஏழாவதோ எட்டாவதோ முறைதான் அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

கலியாணம் முழுக்க ஓடித்திரிந்த அன்ரி, அந்தக் கசற்றில் எல்லா இடத்திலும் முதுகாகவோ பாதிச் சேலையாகவோதான் இருந்தா. அந்த ஓர் இடத்தில் மட்டும், அங்கிளின் தோளுக்குப் பின்னால் பூத்தட்டோடு போனவ, டிக் என்ற சத்தத்துக்குத் திரும்பி நேரே கமராவைப் பார்த்தா. அங்கே நிறுத்தினால் படம் நடுங்கும். யோகன் அங்கேதான் நிறுத்தினான்.

"மெலிஞ்சு போனா," என்றான்.

"இல்லையடா," என்றேன். "முந்தி எப்படி இருந்தவவெண்டு எனக்குத் தெரியாது. ஆனா மெலியேல்லை."

அவன் நம்பவில்லை.